களத்தில் இறங்கிப் படிக்கப் போகிறீர்களா? சேர்வதற்கு முன்பிருந்து கிளம்பும் நாள் வரை

எந்தப் பல்கலைக்கழகத்தின் கையேட்டைப் புரட்டினாலும் செயல்முறைக் கற்றல், களப்பயிற்சி, சமூகப் பங்களிப்பு என்ற வார்த்தைகள் இருக்கும். பக்கத்திலேயே நாலு மாணவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு மரக்கன்று நடுகிற படமும் இருக்கும். அந்தக் கன்றுக்கு மறுநாள் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று மட்டும் எங்கேயும் எழுதியிருக்காது.

நான் மாணவனாக இரண்டு இடங்களில் களப்பயிற்சி முடித்தவன், பிறகு சில வருடங்கள் மாணவர்களைக் களத்தில் மேற்பார்வை பார்த்தவன். உருப்படியான பயிற்சியையும் பேருக்கு நடக்கிற பயிற்சியையும் பிரித்துப் பார்க்க எனக்கு இரண்டு கேள்விகள் போதும். நீங்கள் அந்த வேலையைச் செய்யாமல் விட்டால் யாருக்காவது குறையுமா? நீங்கள் தப்பாகச் செய்தால் கண்டுபிடித்துச் சொல்ல, அந்த வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா? இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் தாராளமாகச் சேரலாம். ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும் கொஞ்சம் யோசியுங்கள், அதிலும் இரண்டாவதுக்கு இல்லை என்று வந்தால் ரொம்பவே யோசியுங்கள், ஏனென்றால் அங்கே உங்கள் தப்புக்கு விலை கொடுக்கப்போவது நீங்கள் இல்லை.

படி 1: உங்கள் துறையில் இது எந்தப் பெயரில் நடக்கிறது?

ஒரே விஷயத்துக்குத் துறைக்குத் துறை வேறு பெயர். பழையவற்றில் ஒன்று, வேலையும் படிப்பும் மாறி மாறி வருகிற முறை. 1906-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் 27 மாணவர்களோடு இதை ஆரம்பித்தார்: ஒரு வாரம் வகுப்பு, அடுத்த வாரம் தொழிற்சாலை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-ல் தொடங்கியபோதே இந்த முறையோடுதான் தொடங்கியது, அங்கே நாலு மாதம் படிப்பு, நாலு மாதம் வேலை என்று சுற்றும். இதில் சம்பளம் உண்டு, அது சின்ன விஷயம் இல்லை, பின்னால் சொல்கிறேன்.

மருத்துவம், செவிலியர் பணி, ஆசிரியர் பயிற்சி, சமூகப் பணி இவற்றில் களப்பயிற்சி இல்லாமல் பட்டமே கிடையாது. மாணவர்களை நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நிறுத்திக் கற்பிப்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் வில்லியம் ஆஸ்லர் 1890-களிலேயே வழக்கமாக்கிவிட்டார். கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவப் பள்ளி 1969-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது இன்னொரு பக்கம் போனது. தனித்தனிப் பாடமாக விரிவுரை கேட்பதற்குப் பதில், சின்னக் குழுவாக உட்கார்ந்து ஒரு நோயாளியின் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அதற்கு என்ன தெரிய வேண்டுமோ அதைத் தேடிப் படிப்பது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974-ல் தொடங்கியதிலிருந்து எல்லாத் துறைக்கும் இதே மாதிரிக் குழு புராஜெக்ட்தான் முதுகெலும்பு. சமூகப் பணியில் கணக்கே மணிக்கணக்கில்தான்: அமெரிக்காவில் இளநிலைக்குக் குறைந்தது 400 மணி நேரம், முதுநிலைக்கு 900 மணி நேரம் களத்தில் இருந்தாக வேண்டும்.

சட்டக் கல்லூரியில் இதற்குக் கிளினிக் என்று பெயர். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களின் வழக்கை, ஆசிரியராக இருக்கிற வக்கீலின் மேற்பார்வையில் மாணவர்கள் எடுத்து நடத்துவார்கள். பொறியியல், கட்டடக்கலை பக்கம் வந்தால் சமூகப் புராஜெக்ட். ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ரூரல் ஸ்டுடியோ 1993-லிருந்து அலபாமாவின் ஏழ்மையான ஒரு பகுதியில் மாணவர்களை வைத்தே வீடு வரைந்து வீடு கட்டுகிறது. மாதிரி வீடு இல்லை, ஒரு குடும்பம் குடியேறுகிற வீடு. மழையில் கூரை ஒழுகினால் மார்க் மட்டும் குறையாது, அங்கே படுத்திருக்கிறவர் நனைவார். என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

சில நாடுகளில் இது விருப்பப்பாடமே இல்லை. மெக்சிகோவில் பட்டம் வாங்க வேண்டுமென்றால் 480 மணி நேரமாவது சமூக சேவை செய்தாக வேண்டும், மருத்துவ மாணவர்களுக்கு அது ஒரு வருடம். 1936-ல் மருத்துவர்களிடமிருந்துதான் அந்த வழக்கமே ஆரம்பித்தது, மருத்துவரே எட்டிப் பார்க்காத கிராமங்களுக்கு ஆள் அனுப்ப.

படி 2: சேர்வதற்கு முன் இதையெல்லாம் கேளுங்கள்

கூச்சப்படாதீர்கள். சேர்க்கை அலுவலகத்தில் கேட்டால் கையேட்டில் இருப்பதையே திரும்பச் சொல்வார்கள், அதனால் கடைசி வருடம் படிக்கிறவர்களைப் பிடியுங்கள். நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: போன வருடம் நீங்கள் செய்த புராஜெக்ட் இப்போது என்ன ஆயிற்று? இதற்கு வருகிற பதிலில் பாதிக் கதை தெரிந்துவிடும். "இப்போதும் அதைப் பயன்படுத்துகிறார்கள், இந்த வருடம் ஜூனியர்கள் தொடர்கிறார்கள்" என்றால் நல்லது. "பிரசன்டேஷன் நன்றாகப் போனது" என்றால் அவ்வளவுதான், அது பிரசன்டேஷனோடு முடிந்துவிட்டது.

பர்டூ பல்கலைக்கழகம் 1995-ல் பொறியியல் மாணவர்களுக்கு ஆரம்பித்த சமூகப் புராஜெக்ட் திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. முதல் வருடத்திலிருந்து கடைசி வருடம் வரை எல்லா வருட மாணவர்களும் ஒரே குழுவில் இருப்பார்கள், ஒரு புராஜெக்ட் பல செமஸ்டர் ஓடும். காரணம் எளிது. ஒரு சமூக அமைப்பின் தேவை செமஸ்டர் கணக்குப் பார்த்து முடியாது. பதினைந்து வாரத்தில் அவசரமாக ஒரு கருவியைச் செய்து கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சைக்கு ஓடினால், அது பழுதானால் யாரைக் கூப்பிடுவது? நீங்கள் சேரப்போகும் இடத்தில் இதற்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது மேற்பார்வை. வாரத்தில் எத்தனை மணி நேரம், யார், எத்தனை மாணவருக்கு ஒருவர். கல்லூரிப் பக்கம் ஓர் ஆசிரியரும் களத்தில் ஒரு பணியாளரும், இருவரும் இருக்க வேண்டும், இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் வேண்டும். ஆசிரியர் செமஸ்டர் முடிவில் கையெழுத்துப் போட மட்டும் வருகிறார் என்றால் அது மேற்பார்வை இல்லை. அப்புறம் கிரெடிட், அதாவது ஒரு பாடத்துக்குப் பட்டக் கணக்கில் கொடுக்கிற எடை: களத்துக்கு வாரம் இரண்டு நாள் போக வேண்டும், ஆனால் ஒரு சின்னத் தேர்வுத்தாள் அளவுக்குத்தான் கிரெடிட் என்றால், அந்தப் பல்கலைக்கழகம் களத்தை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

பணம். இதை வெளிப்படையாகக் கேளுங்கள். சம்பளமோ உதவித்தொகையோ இல்லாத பயிற்சி என்றால் வீட்டில் வசதி இருக்கிறவர்களால்தான் அதை ஒழுங்காகச் செய்ய முடியும், மற்றவர்கள் பகலில் களம், இரவில் வேலை என்று அலைந்து இரண்டிலும் தூங்கி வழிவார்கள். பயணச் செலவு, சாப்பாடு, காப்பீடு யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் பெரியா கல்லூரி இதை வேறு விதமாகச் சமாளிக்கிறது: அங்கே மாணவர்கள் கல்விக் கட்டணம் கட்டுவதில்லை, எல்லோரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியிலேயே வேலை பார்க்கிறார்கள். எல்லா இடத்திலும் அப்படி இருக்காது, சரி. ஆனால் மாணவர்களின் பணக் கஷ்டத்தைப் பற்றி ஓர் இடம் யோசித்திருக்கிறதா இல்லையா என்பது கேட்டால் தெரிந்துவிடும்.

படி 3: தீர்வோடு போகாதீர்கள்

புதிதாகப் போகிறவர்கள் எல்லோருக்கும் இந்த ஆசை இருக்கும். பிரச்சினையைப் பற்றி இணையத்தில் படித்திருப்போம், கையில் ஒரு யோசனையும் இருக்கும், போனதும் அதைச் செய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும்.

2007-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு வகுப்பில் மாணவர் குழு ஒன்றுக்குக் கொடுத்த வேலை, குறைமாதக் குழந்தைகளுக்கான இன்குபேட்டரை மிகக் குறைந்த விலையில் செய்வது. விலையைக் குறைப்பது பொறியாளருக்குப் பிடித்த கணக்குதான், வகுப்பறையில் உட்கார்ந்தே போட்டிருக்கலாம். ஆனால் குழுவில் ஒருவர் நேபாளத்துக்குப் போய் மருத்துவமனையைப் பார்த்தார். நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் அங்கே காலியாக நின்றன. குழந்தைகள் பிறப்பது தொலைவில் இருக்கும் கிராமங்களில், அங்கிருந்து மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். ஆக மலிவான இன்குபேட்டர் செய்திருந்தாலும் காலியாக நிற்கிற பெட்டிகளோடு இன்னொரு பெட்டிதான் சேர்ந்திருக்கும். குழு கேள்வியையே மாற்றியது. கடைசியில் வந்தது குழந்தையைச் சுற்றிப் போர்த்துகிற சின்னத் தூக்கப்பை மாதிரி ஒன்று. உள்ளே மெழுகு போன்ற ஒரு பொருளை உருக்கி வைத்தால் அது பல மணி நேரம் உடல் வெப்பத்திலேயே இருக்கும், விடாமல் மின்சாரம் வேண்டியதில்லை. எம்ப்ரேஸ் என்ற பெயரில் அது பிறகு வகுப்பறையைத் தாண்டி வெளியேயும் வந்தது.

என் கதை இதற்கு நேர் எதிர். முதல் களப்பயிற்சியில் ஒரு சின்ன அமைப்பில் இருந்தேன். அவர்கள் எல்லாவற்றையும் நீளமான நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள், எனக்கு அதைப் பார்த்ததும் தாங்கவில்லை, மூன்று வாரம் ராத்திரி பகலாக உட்கார்ந்து வண்ணம் வண்ணமாக ஒரு எக்செல் தாள் செய்தேன், எல்லோரும் கை தட்டினார்கள், எனக்கு நல்ல மார்க். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மேஜை மேல் அதே நோட்டு, புதிய அட்டையோடு. பணியாளர்கள் நின்றுகொண்டே, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள். இருந்த ஒரே கம்ப்யூட்டர் பூட்டிய அறையில். இது இரண்டும் முதல் வாரமே என் கண் முன்னால் இருந்தவைதான், நான் பார்க்கவில்லை.

அதனால் முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். அங்கே இருக்கிற சாதாரண வேலையைச் செய்யுங்கள்: படிவம் நிரப்புவது, நாற்காலி போடுவது, வரிசையில் நிற்பவர்களோடு பேசுவது. அலுப்பாக இருக்கும். ஆனால் யார் யாரிடம் அனுமதி கேட்கிறார்கள், எந்த வேலை எப்போதும் தள்ளிப்போகிறது, யாருடைய பேச்சுக்கு மதிப்பு என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். இரண்டு வாரம் கழித்து, "உங்களுக்கு என்ன உதவி வேண்டும்" என்று கேட்காமல் "போன வாரம் எது உங்களை ரொம்பப் படுத்தியது" என்று கேளுங்கள். முதலாவதுக்கு மரியாதைக்கு ஒரு பதில் வரும், இரண்டாவதுக்குத்தான் நிஜம் வரும்.

படி 4: டைரி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். களத்துக்குப் போய் வந்தால் அனுபவம் தானாகப் பாடமாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகாது. பத்து வருடம் ஒரே தப்பைச் செய்கிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் டேவிட் கோல்ப் 1984-ல் இதை ஒரு சுற்றாக எழுதினார்: அனுபவம், அதைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு பொதுவான கருத்துக்கு வருவது, அதை மறுபடி செய்து சோதிப்பது. களப்பயிற்சியில் முதலாவதும் நாலாவதும் தானாக நடக்கும், நடுவில் இருக்கிற இரண்டும் நீங்கள் உட்கார்ந்து எழுதினால்தான் நடக்கும்.

எப்படி எழுதுவது? மாணவர்களின் டைரியில் நான் அதிகம் பார்த்த வரி இப்படி இருக்கும்: "இன்று 12 வீடுகளுக்குச் சென்றோம். மிகவும் பயனுள்ளதாக இருந்தது." இதை ஆறு மாதம் கழித்து நீங்களே படித்தாலும் ஒன்றும் தெரியாது. அதே நாளை இன்னொரு மாணவி எழுதியது ஏறக்குறைய இப்படி: "படிவத்தில் ஏழாவது கேள்வி, கடன் எவ்வளவு என்பது. பன்னிரண்டு வீட்டில் ஒன்பது வீட்டில் கடனே இல்லை என்றார்கள். நம்ப முடியவில்லை. யோசித்தால், ஒன்பது இடத்திலும் வாசலில் நின்று கேட்டோம், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்ன மூன்று இடத்திலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். நாளை இந்தக் கேள்வியைக் கடைசிக்கு மாற்றி, உள்ளே போனால் மட்டும் கேட்டுப் பார்க்க வேண்டும்." கோல்ப் சொன்ன நாலும் இதில் இருக்கிறது, அந்த மாணவிக்குக் கோல்ப் யாரென்றே அப்போது தெரியாது. ஆய்வுமுறை வகுப்பில் ஒரு மாதம் நடத்தியும் மண்டையில் ஏறாத விஷயம் அது.

ஒவ்வொரு நாளும் நாலு விஷயம் எழுதுங்கள்: என்ன நடந்தது, நான் எதிர்பார்த்தது என்ன, ஏன் வேறுபட்டது என்று நினைக்கிறேன், அடுத்த முறை எதை மாற்றிப் பார்ப்பேன். இருபது நிமிடம் போதும். அன்றைக்கே எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்கார்ந்து எழுதினால் எல்லா நாளும் ஒரே நாள் மாதிரி ஆகிவிடும். கோபம் வந்தாலும் எழுதுங்கள், எரிச்சல் வந்தாலும் எழுதுங்கள், "இவர்கள் ஏன் சொன்னதைக் கேட்க மாட்டேன் என்கிறார்கள்" என்று தோன்றியதையும்தான். அப்படித் தோன்றிய இடத்தில் பெரும்பாலும் நமக்குத் தெரியாத ஒரு காரணம் ஒளிந்திருக்கும்.

சமூகப் பணி படிக்கிறவர்களுக்கு இன்னும் கடுமையான முறை ஒன்று உண்டு. தாளை நெடுக்கில் மூன்று பத்தியாகப் பிரித்து, பேசிய உரையாடலை நினைவிலிருந்து வரிக்கு வரி ஒரு பத்தியில், அப்போது தன் மனதில் ஓடியதை இன்னொரு பத்தியில், மேற்பார்வையாளரின் குறிப்புக்கு மூன்றாவதாக ஒரு காலிப் பத்தி. செய்து பார்த்தால் முதலில் வெட்கமாக இருக்கும், எதிரே இருப்பவர் அழ ஆரம்பித்ததும் நாம் சட்டென்று பேச்சை மாற்றியது அப்படியே தாளில் தெரியும். வேறு துறையில் இருப்பவர்களும் மாதத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்யலாம்.

டைரியில் யாருடைய நிஜப் பெயரும் வேண்டாம். நோட்டு தொலைந்துபோகும், கட்டாயம் ஒரு நாள் தொலையும்.

படி 5: எல்லை

இது பெரும்பாலும் கையேட்டில் இருக்காது, அதனால் இங்கே. உங்களுக்குப் பயிற்சி இல்லாத எதையும், உங்கள் ஊரில் செய்ய அனுமதி இல்லாத எதையும், வேறு ஓர் இடத்தில் ஏழைகளிடம் செய்து பழகாதீர்கள். மருத்துவம் சேர்வதற்கு முன்பே வெளிநாட்டு முகாமுக்குப் போய் ஊசி போட்டேன், தையல் போட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பெருமை இல்லை. வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் எதிரே இருந்தவர் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

வாக்குறுதி கொடுக்காதீர்கள். "பார்க்கிறேன், ஏற்பாடு செய்கிறேன்" என்று நீங்கள் வாய்தவறிச் சொன்னது உங்களுக்கு மறந்துபோகும், கேட்டவர் மாதக்கணக்கில் காத்திருப்பார். போட்டோ எடுப்பதற்கு முன், அது வெளியே போனால் அவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு, கேட்டுவிட்டு எடுங்கள். ஆபத்தாக ஏதாவது பட்டால், குழந்தைக்கு அடி, யாராவது உயிரை விடுவதாகப் பேசுவது போன்றவை, நீங்களே சமாளிக்கப் பார்க்காமல் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் போங்கள். மேற்பார்வை நேரத்துக்கு டைரியில் குறித்த இரண்டு கேள்வியோடு போவது நல்லது, வெறுங்கையோடு போனால் அந்த ஒரு மணி நேரம் வருகைப் பதிவேட்டைப் பற்றிப் பேசியே போய்விடும்.

படி 6: கிளம்புவது

கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே நீங்கள் போகப்போவதைச் சொல்லுங்கள், குறிப்பாகக் குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் வேலை செய்தால். ஒரு நாள் வந்துகொண்டிருந்தவர் மறுநாள் காணாமல் போவது அவர்களுக்குப் புதிதில்லை, அந்தப் பட்டியலில் நீங்களும் சேர வேண்டாம்.

அறிக்கையை இரண்டாக எழுதுங்கள். கல்லூரிக்கு ஐம்பது பக்கம், அது உங்கள் தலையெழுத்து. அமைப்புக்கு இரண்டே பக்கம்: என்ன செய்தோம், எது எங்கே இருக்கிறது, எது பாதியில் நிற்கிறது, பழுதானால் எப்படிச் சரி செய்வது, பாஸ்வேர்டு யாரிடம். அடுத்து வரும் மாணவருக்கும் அந்த இரண்டு பக்கம்தான் உதவும், ஐம்பது பக்கத்தை யாரும் திறக்க மாட்டார்கள்.

படி 7: வேலை தேடும்போது

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. "சமூக ஆர்வம் உடையவர்" என்று சுயவிவரத்தில் எழுதுவதைவிட, "கணக்கெடுப்புப் படிவத்தில் கடன் பற்றிய கேள்வியின் இடத்தையும் கேட்கும் முறையையும் மாற்றினேன், காரணம் இது" என்ற ஒரு வரி நேர்முகத் தேர்வில் அரை மணி நேரப் பேச்சுக்குத் தாங்கும். டைரி வைத்திருந்தால் இந்த மாதிரி வரி பத்து கிடைக்கும்.

சமூகத்துக்குப் பயன்படும் வேலை என்றதும் தொண்டு நிறுவனத்தை மட்டும் பார்க்காதீர்கள். குடிநீர்க் குழாயின் அழுத்தத்தைக் கணக்கிடுகிற பொறியாளர், பேருந்து நேர அட்டவணை போடுகிறவர், அரசுக் கணக்கைத் தணிக்கை செய்கிறவர், புள்ளிவிவரம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிறவர், இவர்கள் யாரும் மரக்கன்று படத்தில் இருக்க மாட்டார்கள். இந்தத் துறைகளில் களப்பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள்.

களத்துக்குப் போய்விட்டு, இது எனக்கு ஒத்துவராது என்று தெரிந்துகொண்டாலும் நஷ்டமில்லை. என்னோடு பயிற்சியில் இருந்த ஒருவருக்கு நேரடியாக ஆட்களோடு பேசுகிற வேலை தினமும் தலைவலி கொடுத்தது, ஆனால் அந்த அமைப்பின் கணக்குப் புத்தகத்தைத் திறந்ததும் முகம் மலர்ந்தது. இப்போது அந்த மாதிரி அமைப்புகளுக்குக் கணக்குதான் பார்க்கிறார். இரண்டாம் வருடத்திலேயே தெரிந்ததால் பாடத்தை மாற்றிக்கொள்ள நேரம் இருந்தது.

இப்போதைக்கு, சேர நினைக்கும் துறையில் கடைசி வருடம் படிக்கிற ஒருவரைக் கண்டுபிடித்து, போன வருடப் புராஜெக்ட் என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டு வாருங்கள்.